திசை மாறிய பள்ளிப் பேருந்து

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கிளாரண்டன் என்றொரு கவுன்டி உண்டு. நம் மாவட்டத்தைப் போன்றதொரு நிர்வாகப் பகுதி. பருத்தி விளையும் அந்த நாட்டுப்புறத்தில், 1940-களின் இறுதியில், வெள்ளையினக் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல 30 பேருந்துகள் இருந்தன. கருப்பினக் குழந்தைகளுக்கு ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் அங்கே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் கருப்பினக் குழந்தைகளே. அவர்களில் சிலர் ஒன்பது மைல் வரை நடந்துதான் பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது.

பெற்றோர் தங்களுக்குள் பணம் திரட்டிப் பழைய பேருந்து ஒன்றை வாங்கினர். அதன் எரிபொருளுக்கும் பழுது நீக்கும் செலவுக்கும் உதவுமாறு பள்ளி நிர்வாகத்தைக் கேட்டனர். கருப்பர்கள் செலுத்தும் வரி மிகக் குறைவு என்று காரணம் கூறி நிர்வாகம் மறுத்துவிட்டது. ஜோசப் டிலேன் என்ற போதகரின் ஊக்குவிப்பில், லீவை பியர்சன் என்ற விவசாயி 1947-ஆம் ஆண்டு துணிந்து மனு அளித்தார். அவர் கேட்டது வெள்ளையர் பள்ளியில் இடமன்று. தம் பிள்ளைகளைக் கருப்பர் பள்ளிக்கு அழைத்துச் செல்ல ஒரு பேருந்து மட்டுமே. பியர்சனின் நிலம் இரண்டு பள்ளி வட்டாரங்களின் எல்லையில் அமைந்திருந்தது. பிள்ளைகள் படிக்கும் வட்டாரத்தில் அவர் வரி செலுத்தவில்லை என்ற நுணுக்கத்தைக் காட்டி, 1948-இல் அந்த வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது.

ஒரு பேருந்து, வரைபடத்தில் ஒரு கோடு. இவ்விரண்டும் பின்னாளில் ஒரு பெரும் தேசத்தின் மனசாட்சியைச் சோதிக்கப் போகின்றன என்பதை அன்று எவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தச் சோதனை முழுவதிலும் முதலில் வழக்குரைஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் உடன் நின்றவர் துர்குட் மார்ஷல். அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதி என்ற அளவில் அவர் பெயரை உலகம் அறியும். பள்ளிப் பேருந்தின் கதையாகவும் அவருடைய வாழ்க்கையைப் படிக்க முடியும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் 1908-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் மார்ஷல் பிறந்தார். அவருடைய முன்னோர் அடிமைகளாக இருந்தவர்கள். தந்தை வில்லியம் ரயில் உணவுப் பெட்டியில் பரிமாறுபவராகவும், பின்னர் வெள்ளையர்களுக்கான ஒரு மனமகிழ் மன்றத்தில் பணியாளராகவும் வேலை பார்த்தார். தாய் நார்மா பள்ளி ஆசிரியை. பெற்றோர் இட்ட தாரோகுட் என்ற நீண்ட பெயரை எழுதி அலுத்துப்போன சிறுவன், இரண்டாம் வகுப்பிலேயே அதைத் துர்குட் என்று சுருக்கிக்கொண்டான்.

தந்தைக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு இருந்தது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நீதிமன்றத்துக்குச் சென்று பார்வையாளர் வரிசையில் அமர்ந்து வழக்குகளைக் கவனிப்பார்; மகனையும் உடன் அழைத்துச் செல்வார். வீட்டில் உணவு மேசையில் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் அதற்கு ஆதாரம் கேட்பார். பள்ளியிலோ குறும்புக்காரனான மார்ஷலுக்குக் கிடைத்த தண்டனை, அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைப் படித்து மனப்பாடம் செய்வது. தண்டனைகள் பெருகியதில் சட்டம் முழுவதும் அவருக்கு மனப்பாடமாயிற்று. அந்தப் புத்தகத்தில் எழுதியிருந்த சமத்துவத்துக்கும் பால்டிமோர் தெருக்களில் கண்ட நடப்புக்கும் இடையிலிருந்த தொலைவையும் அந்த வயதிலேயே அவர் அளந்திருக்க வேண்டும்.

பென்சில்வேனியாவில் உள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1930-இல் பட்டம் பெற்றபின் சட்டம் பயில விரும்பினார். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி அவருடைய சொந்த ஊரிலேயே இருந்தது. ஆனால், அதன் வாசல் கருப்பினத்தவர்களுக்குத் திறக்காது. எனவே வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தங்குவதற்கு வசதியில்லை. ஏறத்தாழ 40 மைல் தொலைவை அதிகாலையில் ரயிலில் கடந்து, இரவில் அதேபோல் வீடு திரும்பினார். கட்டணத்துக்காகத் தாய் தம் திருமண மோதிரத்தை அடகு வைத்தார்.

வீட்டருகே கல்லூரி இருக்க, தோலின் நிறத்துக்காக நெடுந்தொலைவு பயணம் செய்து படிப்பது எப்படியிருக்கும் என்பதை மார்ஷல் யாரிடமும் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. நாள்தோறும் அனுபவித்தே அறிந்தார். 1933-இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார்.

ஹோவர்டில் அவருக்கு வாய்த்த ஆசான் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். கறாரான அந்தப் பேராசிரியர் சட்டத்தைப் பிழைப்புக்கான தொழிலாக மட்டும் கற்பிக்கவில்லை. சமூகத்தைச் செப்பனிடும் கருவியாகவே தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். ஆசானும் மாணவரும் இணைந்து தொடுத்த முதல் பெரிய வழக்கு, மார்ஷலுக்குக் கதவடைத்த அதே மேரிலாந்து சட்டக் கல்லூரிக்கு எதிரானது. டொனால்ட் மரே என்ற கருப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு 1935-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. அடுத்த ஆண்டு மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அன்றைய சட்ட நிலையை இங்கே நினைவுகூர்வது அவசியம். ரயில் பெட்டியில் இருக்கை தொடர்பான வழக்கொன்றில், 1896-ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒரு கோட்பாட்டை வகுத்தது. இரு இனத்தவரையும் தனித்தனியே வைக்கலாம். வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்பது அதன் சாரம். தனித்தனி என்ற பாதி தெற்கு மாநிலங்களில் கண்டிப்புடன் நடைமுறையானது. சமம் என்ற மறுபாதியைக் கண்டவர் இல்லை. கிளாரண்டன் கவுன்டியில் 1949-50 கல்வியாண்டில் ஒரு வெள்ளையினக் குழந்தைக்கு 179 டாலர் செலவிடப்பட்டது. ஒரு கருப்பினக் குழந்தைக்கு 43 டாலர்.

கருப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தில் 1936-இல் இணைந்த மார்ஷல், 1940-இல் அதன் சட்டப் பாதுகாப்பு நிதியத்தை நிறுவி அதற்குத் தலைமையேற்றார். அடுத்த இருபது ஆண்டுகள் தெற்கு மாநிலங்களின் சாலைகளிலேயே அவர் வாழ்க்கை கழிந்தது. விடுதிகளில் இடம் கிடைக்காது. அன்பர்களின் வீடுகளில் தங்கினார். 1946-இல் டென்னசி மாநிலத்தில் ஒரு வழக்கை முடித்துத் திரும்புகையில், குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாகப் பொய்க் குற்றம் சாட்டிக் காவலர்கள் அவரைத் தனியே ஆற்றங்கரைப் பக்கம் கொண்டுசென்றனர். தோழர்கள் விடாமல் பின்தொடர்ந்ததால் உயிர் தப்பினார். மாநிலங்களுக்கு இடையே ஓடும் பேருந்துகளில் இன வாரியாக இருக்கை ஒதுக்குவது செல்லாது என்ற தீர்ப்பையும் அதே ஆண்டில்தான் அவர் உச்சநீதிமன்றத்தில் பெற்றார். அந்த நீதிமன்றத்தில் அவர் வாதாடிய 32 வழக்குகளில் 29-இல் வெற்றி கண்டார் என்பது இன்றும் வியப்புடன் பேசப்படும் சாதனை.

மீண்டும் கிளாரண்டனுக்கு வருவோம். பியர்சனின் வழக்கு விழுந்தபின் 1949-இல் போதகர் டிலேனையும் ஊர்க்காரர்களையும் மார்ஷல் சந்தித்தார். ஒருவரை மட்டும் முன்னிறுத்தினால் அவரை ஒடுக்கிவிடுவார்கள். இருபது பேராவது கையொப்பமிட முன்வந்தால், பேருந்து மட்டுமன்றிப் பள்ளியின் எல்லா வசதிகளிலும் சமத்துவம் கோரி வழக்குத் தொடுக்கலாம் என்றார். இருபது பேருக்கு மேலேயே முன்வந்தனர். மனுவில் முதலில் இருந்த பெயர் ஹாரி பிரிக்ஸ் என்பவருடையது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை கடுமையானது. பிரிக்ஸ் பெட்ரோல் நிலைய வேலையை இழந்தார். விடுதியில் பணிபுரிந்த அவருடைய மனைவி எலிசாவும் வேலையை இழந்தார். பியர்சனுக்குக் கடன் தருவதை வங்கியும் கடைகளும் நிறுத்தின. டிலேனின் வீடு 1951-இல் தீக்கிரையானது. பின்னர் அவர் மாநிலத்தைவிட்டே வெளியேற நேர்ந்தது. மீண்டும் அங்கே குடியேறவே இல்லை. மார்ஷலின் வெற்றிகளைப் பட்டியலிடும்போது, அவருக்கு வழக்கைத் தந்த இந்த எளிய மனிதர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் இவர்களுக்குத் தங்கப் பதக்கம் அறிவித்தது.

சமமான வசதி கோருவதை விடுத்துப் பிரிவினையையே எதிர்ப்பது என்ற முடிவை மார்ஷல் எளிதில் எடுத்துவிடவில்லை. தோற்றால் 1896-ஆம் ஆண்டுக் கோட்பாடு இன்னும் ஆழமாக வேரூன்றிவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. இருந்தும் துணிந்தார். 1951-இல் சார்ல்ஸ்டன் நகரில் மூன்று நீதிபதிகள் அமர்வில் நடந்த விசாரணையில், கென்னத் கிளார்க் என்ற உளவியலாளரைச் சாட்சியாக அழைத்தார். வெள்ளைப் பொம்மையையும் கருப்புப் பொம்மையையும் காட்டி எது நல்லது என்று கேட்டபோது, கருப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டியதை அவர் எடுத்துரைத்தார். இருவர் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் தீர்ப்பளித்தனர். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது.

அங்கே அது வேறு சில வழக்குகளுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டது. அவற்றுள்ளும் பேருந்து இருந்தது. டெலவேர் மாநிலத்தில் சாரா புலா என்ற தாய், தம் வீட்டைக் கடந்து செல்லும் வெள்ளையர் பள்ளிப் பேருந்தில் தம் மகளுக்கு இடம் கேட்டு மறுக்கப்பட்டவர். கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் லிண்டா பிரவுன் என்ற சிறுமியின் வீட்டிலிருந்து ஏழு தெருத் தொலைவில் வெள்ளையர் பள்ளி இருந்தது. ஆனால், அவள் ரயில் தண்டவாளங்களுக்கு இடையே நடந்து சென்று, பேருந்து பிடித்து, ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலிருந்த கருப்பர் பள்ளிக்குப் போனாள். அவள் தந்தையின் பெயராலேயே அந்த வழக்குத் தொகுதி வரலாற்றில் பிரவுன் வழக்கு என்று நிலைத்தது.

இந்தச் சிறு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. இனத்தைக் கணக்கில் கொண்டு ஒரு குழந்தையை அருகிலிருக்கும் பள்ளியைக் கடந்து தொலைவிலுள்ள பள்ளிக்குப் பேருந்தில் அனுப்பும் வழக்கத்தை நீதிபதிகள் கண்டுபிடிக்கவில்லை. பிரிவினையைக் காப்பதற்காக அது பல்லாண்டுகளாக நடந்து வந்தது. பேருந்துப் பயணம் குழந்தைகளை வாட்டுகிறது என்று வெள்ளையர் தரப்பில் அன்று பெரிதாகக் குரல் எழவில்லை.

1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கினர். பொதுக் கல்வியில் இனப் பிரிவினை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்றனர். மார்ஷலின் வாழ்வில் உச்சமான நாள் அது. ஆனால், அதை எப்படி, எப்போது செயல்படுத்துவது என்பதற்காக 1955-இல் வெளியான இரண்டாவது தீர்ப்பில் காலக்கெடு எதுவும் இல்லை. விரைந்தும் நிதானித்தும் செய்க என்று பொருள்படும் அந்த ஆணையில் தெற்கு மாநிலங்கள் நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. அதே ஆண்டின் தொடக்கத்தில் மார்ஷலின் மனைவி விவியன் புற்றுநோயால் இறந்தார். ஆண்டின் இறுதியில், சங்கத்தில் பணிபுரிந்த செசிலியா சுயாத்தை அவர் மணந்தார்.

எதிர்ப்பு பல வடிவங்களில் வந்தது. 1956-இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 101 பேர் தீர்ப்பைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டனர். 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துச் செல்ல ராணுவம் வர நேர்ந்தது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி, சேர்ந்து படிக்க வைப்பதைவிட மேல் என்று 1959 முதல் ஐந்தாண்டுகள் அரசுப் பள்ளிகளையே மூடி வைத்தது. தீர்ப்பு வெளியாகிப் பத்தாண்டுகள் நெருங்கியபோது, தெற்கில் வெள்ளையினக் குழந்தைகளுடன் சேர்ந்து படித்த கருப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே.

இதற்கிடையே மார்ஷலின் இடம் மாறியது. 1961-இல் குடியரசுத் தலைவர் கென்னடி அவரை மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக்கினார். தெற்கு மாநில செனட் உறுப்பினர்கள் ஒப்புதலை ஏறத்தாழ ஓராண்டு இழுத்தடித்தனர். 1965-இல் ஜான்சன் அழைத்தபோது, வாழ்நாள் பதவியைத் துறந்து சொலிசிட்டர் ஜெனரல் ஆனார். 1967-இல் 69-க்கு 11 என்ற வாக்குகளில் செனட் ஒப்புதல் பெற்று உச்சநீதிமன்ற நீதிபதியானார். வழக்குரைஞராக வென்றெடுத்த உரிமை நடைமுறைக்கு வருமா என்பதைத் தீர்மானிக்கும் இருக்கையில் இப்போது அவரே அமர்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டே முக்கியமான வழக்கு வந்தது. வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுன்டியில் இரண்டே பள்ளிகள். ஒன்றில் வெள்ளையர், மற்றொன்றில் கருப்பர். 21 பேருந்துகள் ஒரே சாலைகளில் மாறி மாறி ஓடி, 11 பேருந்துகள் ஒரு பள்ளிக்கும் 10 பேருந்துகள் மற்றொரு பள்ளிக்கும் குழந்தைகளைப் பிரித்துக் கொண்டுசென்றன. விரும்பிய பள்ளியைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற பெயரளவுச் சுதந்திரம் போதாது. பிரிவினையை வேரோடு களையும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் 1968-இல் கூறியது.

நகரங்களில் சிக்கல் வேறு விதமாக இருந்தது. அங்கே குடியிருப்புகளே இன வாரியாகப் பிரிந்து கிடந்தன. வட கரோலினாவின் சார்லட்-மெக்லன்பர்க் பள்ளி வட்டாரத்தில் 84,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். சார்லட் நகருக்குள் இருந்த கருப்பின மாணவர்கள் ஏறத்தாழ 21,000 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர், முற்றிலும் கருப்பர் பள்ளிகள் என்று சொல்லத்தக்க 21 பள்ளிகளில் படித்தனர். நீதிபதி ஜேம்ஸ் மெக்மில்லன், இரு இனக் குழந்தைகளையும் பேருந்தில் பரிமாறிக் கலந்து படிக்கச் செய்யும் திட்டத்துக்கு ஆணையிட்டார். பெற்றோர் தரப்பு வழக்குரைஞர் ஜூலியஸ் சேம்பர்ஸ், மார்ஷல் வளர்த்த சட்ட நிதியத்தில் பயிற்சி பெற்றவர். அவருடைய வீடு குண்டுவீச்சுக்கு உள்ளானது. பின்னர் அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது.

1971-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், மார்ஷல் உள்பட ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ஆணையை உறுதி செய்தனர். தீர்ப்பில் பதிவான சில எண்கள் இன்றும் சிந்திக்கத்தக்கவை. 1969-70-இல் நாடு முழுவதும் 1 கோடியே 80 லட்சம் மாணவர்கள், அதாவது அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 39 சதவீதத்தினர், பேருந்தில்தான் பள்ளிக்குச் சென்றனர். சார்லட் வட்டாரத்தின் பழைய ஏற்பாட்டில் 23,600 மாணவர்கள் சராசரியாக 15 மைல் தொலைவை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்தனர். புதிய திட்டத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் சராசரிப் பயணம் ஏழு மைல். அதிகபட்சம் 35 நிமிடங்கள்.

பதினைந்து மைலில் எழாத கோபம் ஏழு மைலில் எழுந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில், பள்ளி திறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில் பத்துப் பள்ளிப் பேருந்துகள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டன. குழந்தைகளின் நலனுக்காகவே எதிர்க்கிறோம் என்றவர்களில் உண்மையாகவே கவலைப்பட்ட பெற்றோரும் இருந்தனர் என்பதை மறுக்க முடியாது. அருகிலுள்ள பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும் என்ற விருப்பம் இயல்பானது. ஆனால், லிண்டா பிரவுனின் தந்தைக்கும் இருந்தது அதே விருப்பம்தான்.

1972-இல் குடியரசுத் தலைவர் நிக்சன், பேருந்து ஆணைகளை நிறுத்தி வைக்குமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். அதைவிட நீடித்த விளைவு அவருடைய நியமனங்களால் வந்தது. அவர் நியமித்த நால்வர் உச்சநீதிமன்றத்தில் அமர்ந்தனர். 1973-இல், பள்ளிகளுக்கிடையே உள்ள நிதி ஏற்றத்தாழ்வு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானதன்று என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வெளியானது. மார்ஷல் நீண்டதொரு மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். டெட்ராய்ட் வழக்கு அதற்கடுத்த ஆண்டு வந்தது.

டெட்ராய்ட் நகரப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அப்போது கருப்பினத்தவர். வெள்ளையர்கள் புறநகரங்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தனர். இடமிருந்த வெள்ளையர் பள்ளிகளைக் கடந்து, கருப்பினக் குழந்தைகளைத் தொலைவிலிருந்த கருப்பர் பள்ளிகளுக்கு நகர நிர்வாகம் பேருந்தில் அனுப்பியிருந்தது விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்டது. நகருக்குள் மட்டும் மாற்றம் செய்தால் பயனில்லை என்று கண்ட நீதிபதி ஸ்டீபன் ராத், சுற்றியிருந்த 53 புறநகர்ப் பள்ளி வட்டாரங்களையும் திட்டத்தில் சேர்த்தார்.

1974-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. புறநகரங்கள் தவறிழைத்ததாக மெய்ப்பிக்கப்படாத நிலையில் எல்லைக் கோட்டைத் தாண்டி ஆணையிட முடியாது என்றது பெரும்பான்மை. அந்த ஐவரில் நால்வர் நிக்சன் நியமித்தவர்கள். எஞ்சிய நால்வர் மாறுபட்டனர். அவர்களுள் மார்ஷலின் தீர்ப்பில் இருபதாண்டு உழைப்பு சரிவதைக் காணும் வேதனை வெளிப்பட்டது.

அவருடைய வாதம் எளிமையானது. பள்ளி வட்டாரங்களின் எல்லைகளை வகுத்தது மாநில அரசு. பிரிவினைக்குப் பொறுப்பும் மாநில அரசே. அப்படியிருக்க, தான் போட்ட கோட்டையே காரணம் காட்டி மாநிலம் தப்பித்துக்கொள்வது எங்ஙனம் நீதியாகும்? நகரம் கருப்பர்களுக்கும் புறநகரம் வெள்ளையர்களுக்கும் என்று இரண்டாகப் பிளவுபடுவதை இந்தத் தீர்ப்பு அனுமதிக்கிறது என்று அவர் எச்சரித்தார். சேர்ந்து படிக்காத குழந்தைகள் வளர்ந்தபின் சேர்ந்து வாழ்வார்கள் என்று நம்ப இயலாது என்பது அவர் கவலை. போதுமான அளவு செய்துவிட்டோம் என்ற பொதுமக்களின் மனநிலையே தீர்ப்பில் எதிரொலிக்கிறது என்றும் அவர் கருதினார். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் லீவை பியர்சனின் மனுவை வீழ்த்திய அதே பள்ளி வட்டார எல்லை, இப்போது ஒரு மாநகரத்தின் குழந்தைகளை வீழ்த்தியது.

அதன் பொருள் என்ன என்பதை இரண்டு மாதங்களுக்குள் பாஸ்டன் நகரம் காட்டியது. நீதிபதி ஆர்தர் கேரிட்டியின் ஆணைப்படி செப்டம்பர் 12-ஆம் நாள் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது, தெற்கு பாஸ்டனில் கருப்பினக் குழந்தைகள் வந்த பேருந்துகள்மீது கற்கள் பறந்தன. அந்தப் பகுதியினர் ஏழை வெள்ளையர். குழந்தைகள் வந்த ராக்ஸ்பரியினர் ஏழைக் கருப்பர். வசதி படைத்த புறநகரங்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே அமைதியாக இருந்தன. சமத்துவத்தின் சுமை முழுவதும் இரு தரப்பு ஏழைகளின் தலையில் இறங்கியது. கோட்டைத் தாண்ட அனுமதித்திருந்தால் அந்தச் சுமை பகிரப்பட்டிருக்கும்.

கருப்பினச் சமூகத்துக்கும் இழப்புகள் இருந்தன. பல இடங்களில் அவர்கள் பேணி வளர்த்த பள்ளிகளே மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான கருப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தனர். நீண்ட பயணம் பெரும்பாலும் கருப்பினக் குழந்தைகளுக்கே வாய்த்தது. எங்கள் பிள்ளைகளுக்குத் தேவை நல்ல பள்ளி. வெள்ளையரின் அருகிருக்கை அன்று என்று கருப்பினத் தலைவர்களிலேயே சிலர் வாதிட்டனர். அந்தக் குரலில் நியாயம் உண்டு. ஆனால், தனித்து வைக்கப்பட்ட பள்ளிக்குப் பணம் வந்து சேராது என்பதைக் கிளாரண்டனில் கண்டவர் மார்ஷல். அதனால் அவர் தம் நிலையில் அசையவில்லை.

திட்டம் எங்கும் தோற்றது என்பதும் உண்மையன்று. கவுன்டி முழுவதும் ஒரே பள்ளி வட்டாரமாக இருந்த சார்லட்டில் தப்பி ஓட எல்லைக் கோடு அருகில் இல்லை. பணக்காரரும் ஏழையரும் பங்கேற்றனர், நகரம் பழகிக்கொண்டது. 1984-ஆம் ஆண்டுத் தேர்தல் பரப்புரைக்கு அங்கே வந்த குடியரசுத் தலைவர் ரீகன் பேருந்துத் திட்டத்தைத் தோல்வி என்று சாடியபோது, ஆரவாரித்துக்கொண்டிருந்த அவர் ஆதரவாளர் கூட்டம் மௌனமானது. தெற்கு மாநிலங்களில் 1988-ஆம் ஆண்டளவில், வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள பள்ளிகளில் படித்த கருப்பின மாணவர்கள் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டினர். ஒன்றிலிருந்து நாற்பது என்பது சிறிய தொலைவன்று.

மார்ஷலின் இறுதி ஆண்டுகள் தனிமை மிகுந்தவை. உடன் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றனர். 1991-ஆம் ஆண்டு ஜனவரியில், ஓக்லஹோமா நகரப் பள்ளிகள்மீதான நீதிமன்றக் கண்காணிப்பை விலக்கிக்கொள்ள வழிவகுத்த தீர்ப்பிலும் அவர் மாறுபட்டு எழுதினார். ஓரினப் பள்ளிகள் மீண்டும் தோன்றும் நிலையில் நோய் தீர்ந்ததாகச் சொல்லி மருந்தை நிறுத்த முடியாது என்பதே அதன் கருத்து. அதே ஆண்டு ஜூனில் உடல்நலக் குறைவால் ஓய்வை அறிவித்தார். 1993-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், 84-ஆம் வயதில் காலமானார். அவருடைய உடல் உச்சநீதிமன்ற மண்டபத்தில் வைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர்.

அவர் மறைந்தபின் பாஸ்டனும் சார்லட்டும் அடுத்தடுத்து இன அடிப்படையிலான மாணவர் ஒதுக்கீட்டைக் கைவிட்டன. 2007-இல் உச்சநீதிமன்றம், நகரங்கள் தாமாக முன்வந்து அத்தகைய ஒதுக்கீடு செய்வதற்கும் கடும் கட்டுப்பாடு விதித்தது. மஞ்சள் நிறப் பேருந்துகள் மட்டும் இன்றும் ஒவ்வொரு காலையும் அமெரிக்கத் தெருக்களில் கோடிக்கணக்கான குழந்தைகளை ஏற்றிச் செல்கின்றன. அவற்றின் தொலைவைப் பற்றி எவரும் போராடுவதில்லை.

மார்ஷலின் வாழ்க்கை விட்டுச்செல்லும் பாடம் இங்கேதான் இருக்கிறது. சமத்துவத்துக்கான எந்தத் திட்டம் வந்தாலும் அதன் செலவு, சிரமம், நடைமுறைச் சிக்கல் ஆகியவை முன்வைக்கப்படும். அவற்றில் உண்மையானவை இருக்கலாம். அவற்றுக்கு விடை காணவும் வேண்டும். ஆனால், அதே செலவும் சிரமமும் ஏற்றத்தாழ்வைக் காப்பதற்காகச் செலுத்தப்பட்டபோது யார் முறையிட்டார்கள் என்ற கேள்வியையும் உடன் கேட்க வேண்டும். கிளாரண்டனில் ஒரு பழைய பேருந்துக்கு எரிபொருள் கேட்ட பெற்றோரும், நாள்தோறும் ரயிலேறி நாற்பது மைல் கடந்து சட்டம் பயின்ற இளைஞரும் எழுப்பிய கேள்வி அதுவே. அமெரிக்கா அதற்கு இன்னும் முழுமையாக விடை கூறவில்லை.